அம்மாவுக்கு எட்டாத பாட்டு

பொடிசுவின் வீட்டில் எத்தனை ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று கேட்டால், அவளுக்கே சட்டென்று சொல்ல வராது. அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். கூடத்தில் ஒன்று கதவில்லாமல் நிற்கும். வாசலோரம் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று குழாயும் கம்பியும் வெளியே தெரியப் படுத்துக் கிடக்கும். ஊரார் ஃபிரிட்ஜெல்லாம் அப்பா கைபட்டதும் ஓடும். சொந்த ஃபிரிட்ஜ் மட்டும் ஓடாது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஜன்னல். ஜன்னலடியில் அம்மாவின் தையல் மிஷின். அம்மா மிஷினை மிதித்தால் கூடவே பாட்டும் கிளம்பிவிடும். பட்டன் வைக்கும்போது மெதுவான பாட்டு, நீளத் தையலுக்கு வேகமான பாட்டு. எல்லாம் ஆராதனைப் பாட்டுதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்து முன்னால் நின்று பாடுகிறவரே அம்மாதானே! அதற்கு வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை.

"அம்மா, கொஞ்சம் நிறுத்தேன். கணக்கு தப்பாகுது" என்று பொடிசு கத்துவாள்.

"உனக்குக் கணக்கு வரலைன்னா என் பாட்டு மேல ஏண்டி பழி போடற?" என்று அம்மா அதையும் ராகமாகவே சொல்லுவார்.

இப்போதெல்லாம் பொடிசு போடுகிற கணக்கு ஒன்றுகூடத் தப்பாவதில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். டாக்டர் நல்லவர். பூசி மெழுகாமல் சொன்னார்.

"கட்டி போயிடுச்சும்மா. உயிருக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு அடிபட்டிருக்கு. பழையபடி உசந்து பாட முடியுமான்னு கேட்டீங்கன்னா, வரலாம், வராமலும் போகலாம்."

காத்திருந்தார்கள். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. குரல் வரவில்லை. பேசினால் பாதி காற்று, பாதி கரகரப்பு. அதனால் அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கரண்டியால் தட்டைத் தட்டுவார். பொடிசு சேட்டை செய்தால் கையைத் தட்டுவார். தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிட ஜன்னல் கம்பியைத் தட்டுவார். தட்டுகிற சத்தம் கேட்டாலே பொடிசுவுக்கு அழுகை முட்டும். திட்டினால்கூடப் பரவாயில்லையே, வாயைத் திறந்து திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சபைக்குக் கிளம்பினார். அவர்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். உள்ளே ஒரு நீளக் கூடம், பெஞ்சுகள், சுவரில் ஒரு மரச் சிலுவை, மூலையில் ஒரு கீபோர்டு. அவ்வளவுதான் சபை.

அம்மாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேக்கரி அங்கிள் ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து நீட்டினார். பாஸ்டர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"சிஸ்டர், உங்க இடம் காலியாவே இருக்கு. வேற யாரையும் நாங்க நிறுத்தல. ஒரே ஒரு பாட்டு. ஆண்டவர் பார்த்துப்பார்."

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். யார் கேட்டார்கள்? அன்பு முற்றிவிட்டால் மனிதர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும் போல. மைக்கை அவர் கையில் திணித்துவிட்டார்கள். கீபோர்டு அண்ணன் கண்ணெல்லாம் பளபளக்க, அம்மாவின் பழைய சுருதியில், அதாவது அம்மா எப்போதும் பாடுகிற அதே உயரத்தில், பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

விளக்கில்லா வீட்டிலும் நீர் இருக்கிறீர்,
விடியாத நாளிலும் உடன் நடக்கிறீர்.

முதல் வரி வெறும் காற்றாக வந்தது. இரண்டாவது வரியில் பாட்டு மேலே ஏறும். அம்மாவின் குரலும் ஏறப் பார்த்தது. பாதியில் அது பழைய துணியைப் போல டர்ரென்று கிழிந்தது.

கூடப் பாடித் தாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பாடத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த உயரம் அங்கே ஒருவருக்கும் எட்டாது. இத்தனை காலமும் அம்மா பாடுவார், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைப்பார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. அன்றைக்கும் வாயை அசைத்தார்கள். மைக்கில் அம்மாவின் கிழிந்த குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் களுக்கென்று சிரித்தான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினார்.

அம்மா மைக்கை வைத்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படியில் ஏறவில்லை.

"இனிமே நான் அங்க வரல" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். "பாடறதுக்குத்தான் ஆண்டவர் என்னை உண்டாக்கியிருக்காருன்னு நினைச்சிட்டு இருந்தேன். இப்ப நான் எதுக்கு இருக்கேன்னே தெரியல."

கதவில்லாத ஃபிரிட்ஜின் பின்னால் ஒளிந்து நின்ற பொடிசுவுக்கு இது கேட்டுவிட்டது. 'எதுக்கு இருக்கேன்னே தெரியல' என்றால் என்ன அர்த்தம்? அம்மா எனக்காக இல்லையா? எனக்குத் தலைவாரிவிட இல்லையா? அப்படியே ஓடிப்போய்க் கேட்டுவிடலாமா என்று பார்த்தாள். கால் நகரவில்லை.

மறுநாள் அப்பா ஒரு ஃபிரிட்ஜின் அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆண்டவருக்குக் காது கேட்குமா, கேட்காதா?"

"கேட்கும்."

"நான் தினமும் கேட்கறேன். அம்மாவுக்குக் குரலக் குடுங்கன்னு. நீயும் கேட்கற. பாஸ்டர் அங்கிளும் கேட்கறார். இத்தனை பேர் கேட்டும் தரலைன்னா என்ன அர்த்தம்?"

அப்பா தலையை வெளியே எடுத்தார். மூக்கில் கிரீஸ். வேறு நாளாக இருந்தால் பொடிசு சிரித்திருப்பாள்.

"தெரியல, பொடிசு" என்றார் அப்பா. "சத்தியமா எனக்குத் தெரியல."

பெரியவர்கள் தெரியவில்லை என்று சொன்னால் சில நேரம் ஆறுதலாக இருக்கும். அன்றைக்கு இல்லை. அப்பாவுக்கே தெரியாது என்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

சரி, நாமே ஏதாவது செய்வோம் என்று முடிவுகட்டினாள் பொடிசு. அப்பாவின் போனில் அம்மாவின் பழைய பாட்டு ஒன்று இருந்தது, போன வருஷம் சபையில் பதிவு செய்தது. தன் குரலைத் தானே கேட்டால் அம்மாவுக்குத் தெம்பு வருமே! எவ்வளவு நல்ல யோசனை! ஒரு மத்தியானம் அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தபோது போனை மிஷின் மேல் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, தட்டிவிட்டாள்.

பாட்டு கூடம் முழுக்கக் கணீரென்று எழுந்தது.

அம்மாவின் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. பிறகு அம்மா அழுதார். அழுகைக்கும் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பொடிசு பதறிப்போய் போனை நிறுத்தத் தெரியாமல் அதைத் தலையணைக்கு அடியில் அமுக்கினாள். தலையணைக்கு அடியிலிருந்தும் அம்மா பாடிக்கொண்டே இருந்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். அன்று முழுக்க அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பொடிசு அவர் காலடியில் உட்கார்ந்து, "தெரியாமப் பண்ணிட்டேம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா கையை நீட்டி அவள் தலையைத் தடவினார்.

அன்றிலிருந்து பொடிசுவும் பாடுவதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு சபைக்குப் போவாள், பெஞ்சில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்காருவாள். அங்கேயும் பாட்டு பாட்டாக இல்லை. கீபோர்டு அண்ணன் பழைய உயரத்திலேயே வாசிப்பார். ஆளுக்கு ஒரு வரி முயன்று பார்ப்பார்கள், கழுத்து நரம்பு புடைக்கும், விட்டுவிடுவார்கள். பேக்கரி அங்கிள் ஒருவர்தான் விடாக்கண்டன். எட்டுகிறதோ இல்லையோ, கண்டபடி கத்துவார். "அங்கிள், நீங்க மனசுக்குள்ள பாடினாப் போதும், ஆண்டவருக்குக் கேட்டுடும்" என்று பிள்ளைகள் அவரைக் கிண்டல் செய்வார்கள். கடைசியில் கீபோர்டு மட்டும் தனியாக வாசித்து முடிக்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை காலை ஒரு கிழட்டு ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்தது.

அப்பா அதை ரிப்பேர் செய்து ஓடவிட்டுப் பார்த்தார். அடேயப்பா, அது ஓடினால் கப்பல் கிளம்புகிற மாதிரி இருந்தது. ம்ம்ம்ம் என்று கனமான, தாழ்ந்த ஒரே ஓசை. "ரெண்டு மணி நேரம் ஓடட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

அம்மா ஜன்னலடியில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். பொடிசு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று அவள் பென்சில் நின்றது.

ஃபிரிட்ஜின் ஓசை இரண்டாகக் கேட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று ஃபிரிட்ஜ். இன்னொன்று அம்மா! உதடு மூடியிருந்தது. தன்னை அறியாமல், ஃபிரிட்ஜோடு சேர்ந்து அதே தாழ்ந்த சுருதியில் அம்மா 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தார். அந்த முனகல் மெல்ல ஒரு வரியாக வளைந்தது. விளக்கில்லா வீட்டிலும் நீர் இருக்கிறீர். குரல் கிழியவில்லை. கரகரப்பாகத்தான் இருந்தது, ஆனால் கிழியவில்லை.

ஃபிரிட்ஜ் சட்டென்று நின்றது. அம்மாவும் நிறுத்திவிட்டார். ஒன்றும் நடக்காதது போல ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

பொடிசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை அவசரப்பட்டுச் செய்த வேலை அவளுக்கு மறக்கவில்லை. 'அம்மா, நீ பாடினே!' என்று கத்தினால் போச்சு, இதுவும் போய்விடும். இந்தத் தடவை அம்மாவை அசைக்கக் கூடாது. அசைய வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

சனிக்கிழமை காலையில்தான் சபையில் ஒத்திகை. அந்தச் சுருதியை அங்கே கொண்டுபோக வேண்டும். எப்படிக் கொண்டுபோவது? சுருதியைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியுமா? வாயில்தான் கொண்டுபோக வேண்டும். பொடிசு உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று பிடித்தாள், செருப்பை மாட்டினாள், ஓடினாள்.

குளித்துவிட்டு வந்த அப்பா கேட்டார்: "எங்க போற?"

"ம்ம்ம்."

"பல்வலியா?"

"ம்ம்ம்."

தெருமுனையில் அவள் வகுப்புத் தோழி மறித்தாள். "ஏய், வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?"

"ம்ம்ம்."

"அப்ப காட்டு."

"ம்ம்ம்!" என்று கையை உதறிவிட்டு ஓடினாள் பொடிசு.

டயர் கடைக்காரர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். "என்ன பாப்பா, தேனீயை முழுங்கிட்டியா?"

அவருக்கும் ஒரு 'ம்ம்ம்'தான். மூச்சு வாங்கியது. மூச்சை இழுத்தால் சுருதி ஓடிப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது. இழுத்துவிட்டு உடனே பிடித்துக்கொண்டாள். படியில் தாவி ஏறினாள்.

கீபோர்டு அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். பேக்கரி அங்கிள் பின்னால் பெஞ்சுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பொடிசு நேராகப் போய், கீபோர்டைத் தொடக் கூடாது என்ற கட்டளையை எல்லாம் காற்றில் பறக்கவிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. இன்னும் கீழே. அதோ!

"இதுண்ணா!" என்று வாயைத் திறந்து மூச்சு விட்டாள். "நாளைக்குப் பாட்டை இங்கேருந்து ஆரம்பிங்க."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. பொடிசு நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"இல்ல பொடிசு. அது அக்காவோட சுருதி. அதை நான் மாத்த மாட்டேன்."

"ஏண்ணா?"

"மாத்தினா, அக்கா இனிமே வரமாட்டாங்கன்னு நாமளே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். அவங்க இடம் அப்படியே இருக்கணும். அவங்க வர்ற வரைக்கும் நான் அப்படியேதான் வாசிப்பேன்."

அண்ணன் எவ்வளவு நல்லவர் என்று பொடிசுவுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் வராமல் அழுகை வந்தது.

"அண்ணா, அம்மா அந்த உயரத்துல இல்லண்ணா. நீங்க எல்லாரும் அங்க ஏறிப் போய் அம்மாவுக்காகக் காத்துட்டு இருக்கீங்க. அம்மா கீழ தனியா இருக்காங்க."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு கீபோர்டில் ஒரு பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுருதி ஒரு படி இறங்கியது. பொடிசு காட்டிய இடத்தில் நிறுத்தி, பாட்டின் முதல் வரியை வாசித்தார்.

கூடத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் அதோடு சேர்ந்து பாடியது. கனமாக, ஆழமாக, பிசகாமல் வந்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

பெஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி பேக்கரி அங்கிள் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில்தான் எல்லாரையும்விட அதிக ஆச்சரியம்.

"தம்பி! இது எனக்கு எட்டுதுப்பா!" என்றார்.

சரி, பாதி வேலை ஆயிற்று. மீதிப் பாதிதான் கல்லில் நார் உரிக்கிற வேலை. அம்மாவைக் கூட்டிவர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார். அம்மா பொடிசுவுக்குத் தலை வாரி முடித்து, போ என்று முதுகில் தட்டினார். பொடிசு நகரவில்லை.

"நீயும் வாம்மா."

"எனக்கு அங்க என்ன வேலை?" என்றார் அம்மா, காற்றும் கரகரப்புமாக.

"எனக்கும் ஒரு வேலையும் இல்ல" என்றாள் பொடிசு. "சும்மாதான் போயிட்டு வர்றேன்."

"நீ பாடலாமே."

"நான் பாடறதில்லம்மா."

அம்மாவின் கையிலிருந்த சீப்பு நின்றது. "எப்பலேருந்து?"

"நீ சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டியே, அன்னிலேருந்து. எனக்கு வாயத் தொறக்கவே வரலம்மா. நீ இங்க இப்படி இருக்கும்போது நான் அங்க போய் எப்படிப் பாடுவேன்?"

இதை அவள் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது, கொட்டிவிட்டது. சொல்லிவிட்டு, அம்மா மறுபடியும் அழப்போகிறார் என்று பயந்துபோய் நின்றாள்.

அம்மா அழவில்லை. மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து பொடிசுவை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். வாசலில் அப்பா இருமினார், செருப்பைத் தேய்த்தார், பிறகு அவரும் சும்மா இருந்துவிட்டார்.

"கடைசி பெஞ்சு" என்றார் அம்மா. "ஒருத்தரும் என் கையில மைக் தரக் கூடாது. நான் பாட மாட்டேன். நீ பாடணும். அதுக்காகத்தான் வர்றேன்."

"சரிம்மா."

"பாடலைன்னா தோலை உரிச்சிடுவேன்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு வாங்கின திட்டு! பொடிசுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்று பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா வந்தால் யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று அண்ணன் முந்தின நாளே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்ததால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, ஒவ்வொரு கழுத்தும் சுவரில் அடித்த ஆணி மாதிரி விறைத்து நின்றது. முன்னால் மைக் இருந்த இடமே காலி. மைக்கை எங்கேயோ எடுத்துவைத்துவிட்டார்கள்.

கீபோர்டு ஆரம்பித்தது. தாழ்ந்த சுருதியைக் கேட்டதும் அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

முதலில் ஒருவரும் பாடவில்லை. ஐயோ, இன்றைக்கும் அதே கதைதானா? யாராவது வாயைத் திறங்களேன்! அப்போது நடுவிலிருந்து பேக்கரி அங்கிள் எடுத்துக் கொடுத்தார். விளக்கில்லா வீட்டிலும் நீர் இருக்கிறீர். பிள்ளைகள் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள். சிரிப்பு வரவில்லை. அங்கிள் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். அவருக்கும் எட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் பாடினார். பாஸ்டர் பாடினார். அன்றைக்குச் சிரித்த பையன் பாடினான்.

இத்தனை காலமும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த கூட்டம் அது. அவர்களுக்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டாவது வரியில் கூடமே பாடியது. அழகான குரல் என்று தனியாக ஒன்றைச் சொல்ல முடியாது. கட்டைக் குரல், கீச்சுக் குரல், மூக்கடைத்த குரல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய குரலாக இருந்தது. பெஞ்சுப் பலகை அதிர்ந்தது. பொடிசு அதில் கையை வைத்தாள். பாட்டு உள்ளங்கை வழியாக ஏறியது.

பாடணும் என்று அம்மா சொல்லியிருந்தாரே! வாயைத் திறந்தாள். வந்தது. எங்கேயும் போகாமல் இத்தனை நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது.

பக்கத்தில் ஒரு கரகரப்பு கேட்டது. பொடிசு திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அம்மா பாடினார். முதலில் முனகலாக, பிறகு வார்த்தையாக. விடியாத நாளிலும் என்ற இடத்தில் குரல் கிழிந்தது. அம்மா நின்றுவிட்டார். ஆனால் பாட்டு நிற்கவில்லை. மற்றவர்கள் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் கிழிந்தது தெரியாது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார். மறுபடி கிழிந்தது. மறுபடி நின்றார். பாட்டு அவருக்காகக் காத்திருந்தது போலவே அங்கேயே இருந்தது. மறுபடி சேர்ந்துகொண்டார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் அப்பா, தனக்குப் பாடவே வராது என்று எப்போதும் சொல்லுகிற அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது.

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்தார்.

"இன்னொரு தடவ" என்றார் அம்மா.

யாருக்கும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? குரல் அப்படியேதான் இருந்தது, பாதி காற்று, பாதி கரகரப்பு. டாக்டர் சொன்ன நரம்பு இன்னும் சரியாகவில்லை. அது இனி சரியாகாமலே போகலாம்.

பொடிசு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"பாஸ்டர் அங்கிள், நிறுத்துங்க! எங்கம்மா இன்னொரு தடவ பாடணுமாம்!"

விறைத்திருந்த கழுத்துகளெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. அம்மா பொடிசுவின் பாவாடையைப் பிடித்து, "இறங்குடி, மானத்தை வாங்காதே" என்று இழுத்தார். பாஸ்டர் வேதாகமத்தை மூடிவைத்தார். கீபோர்டு அண்ணனின் விரல்கள் ஏற்கெனவே கட்டைகளின் மேல் இருந்தன.

அம்மா எழுந்து நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து, முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கினார்.